சிரிப்பு வாயு: அறிந்தவரே அடிமையாவது ஏன்?

கேள்வி: பல் சிகிச்சையின்போது வலியும் பயமும் தெரியாமலிருக்கக் கொடுக்கும் சிரிப்பு வாயுவுக்கு மருத்துவர்களே அடிமையாவதாகப் படித்தேன். அதன் கெடுதல் அவர்களுக்குத் தெரியாதா? அப்படிப்பட்டவரை மறுபடி தொழில் செய்ய விடலாமா?

பதில்: நன்றாகவே தெரியும். தெரிந்திருப்பது மட்டுமே ஒருவரைக் காப்பாற்றிவிடாது. சிரிப்பு வாயுவான நைட்ரஸ் ஆக்சைடால் தண்டுவடமும் நரம்புகளும் பழுதான 15 பேரைப் பற்றி 1978-ல் ‘லான்செட்’ இதழில் அமெரிக்க நரம்பியல் மருத்துவர் லேசர் எழுதினார். அவர்களில் 14 பேர் பல் மருத்துவர்கள்; 15 பேரில் 13 பேர் தாங்களாகவே அந்த வாயுவை இழுத்துப் பழகியவர்கள். காரணம், கைக்கெட்டும் தூரத்தில் அது இருப்பதுதான். மார்பின் ஊசி மருந்தென்றால் ஒவ்வொரு குப்பிக்கும் கணக்கு எழுத வேண்டும். சிலிண்டரிலிருந்து கூடுதலாகப் போகும் வாயுவை யார் அளந்து பார்க்கிறார்கள்? கடைசி நோயாளியும் போன பிறகு, அதே நாற்காலி, அதே முகமூடி, தனிமை. அன்றைய அலுப்பு ஒன்று போதும்.

‘சில நிமிடங்களில் இறங்கிவிடும் போதைதானே’ என்று சொல்வார்கள். சீக்கிரம் இறங்குவதால்தான் திரும்பத் திரும்ப இழுக்கத் தோன்றுகிறது. இந்த வாயு வைட்டமின் பி12-இல் உள்ள கோபால்ட் அணுவைத் தாக்கி, அந்த வைட்டமினைச் செயலிழக்க வைக்கிறது. அதனால் நரம்புகளின் மேலுறை சிதைகிறது. முதலில் பாதம் மரத்துப்போகும். இருட்டில் நடை தள்ளாடும். தலையைக் குனிந்தால் முதுகில் மின்சாரம் பாய்ந்தது போலிருக்கும். விரல் நுனி உணர்விழந்தால் பல் மருத்துவருக்குப் பிழைப்பே போய்விடும். ரத்தத்தில் பி12 அளவு சரியாக இருப்பதுபோலவே காட்டலாம் என்பதால், ஹோமோசிஸ்டீன், மீத்தைல் மலோனிக் அமிலம் ஆகியவற்றின் அளவையும் பார்க்க வேண்டும்.

உரிமத்தைப் பறித்துவிட்டால் நோயாளிகள் தப்புவார்கள் என்பது நியாயமான கவலை. ஆனால் பிழைப்பு போய்விடுமென்று பயந்தவர் வெளியே சொல்ல மாட்டார். மறைத்துக்கொண்டே சிகிச்சை தருவார். அதுதான் நோயாளிக்குப் பெரிய ஆபத்து. மது, போதைப் பழக்கத்துக்குச் சிகிச்சை பெற்ற அமெரிக்க மருத்துவர்களை ஐந்தாண்டு தொடர்ந்து கவனித்த ஆய்வு 2008-ல் வெளியானது. விவரம் தெரிந்த 802 பேரில் 631 பேர் ஐந்தாண்டு முடிவில் உரிமத்துடன் பணியில் இருந்தார்கள். அது சும்மா விட்டதால் வந்த பலனல்ல. சிகிச்சை, திடீர்ச் சோதனை, கண்காணிப்பு எல்லாம் சேர்ந்து தந்த பலன். ஆகவே பணியிலிருந்து விலக்கி, குணப்படுத்தி, கண்காணிப்போடு திரும்ப விடலாம் என்பதே என் முடிவு.

சிலிண்டருக்குப் பூட்டும் கணக்கும் வையுங்கள். உடன் பணிபுரிபவரிடம் சந்தேகம் தட்டினால் இன்றே பேசுங்கள். சீக்கிரம் நிறுத்தி பி12 ஊசி போட்டுக்கொண்டால் பலர் தேறிவிடுகிறார்கள். தாமதித்தால் தள்ளாட்டம் நிரந்தரமாகவே தங்கிவிடக்கூடும்.