சாலைத் திட்டமும் பாதிப்பு மதிப்பீடும்

பெங்களூரின் நடுப்பகுதியிலுள்ள ஆஸ்டின் டவுன், தமிழ்க் குடும்பங்கள் பல வாழ்ந்துவரும் நெருக்கமான குடியிருப்பாகும். இத்தகைய பகுதியில் ஒரு தெருவை அகலப்படுத்தவோ மேம்பாலம் அமைக்கவோ முற்படும்போது இழப்புக்கு உள்ளாவோர் மனை உடையவர் மட்டுமல்லர். வாடகைக்குக் குடியிருப்போர், தள்ளுவண்டியில் காய்கறி விற்போர், நடந்தே பள்ளிக்குச் செல்லும் சிறுவர் ஆகியோரும் பாதிக்கப்படுகின்றனர். நில ஏடுகளில் இவர்களுக்கு இடமில்லை. வேலை தொடங்குமுன் இவர்களைக் கணக்கில் சேர்ப்பதே சமூக பாதிப்பு மதிப்பீட்டின் நோக்கமாகும். காற்று, நீர், மரங்கள் ஆகியவற்றுக்கு நேரும் கேட்டை ஆராய்வது சுற்றுப்புறச் சூழல் பாதிப்பு மதிப்பீடு.

இம்முறையை அமெரிக்கா 1970ஆம் ஆண்டிலேயே சட்டமாக்கியது. இந்தியாவில் 1994ஆம் ஆண்டு அறிவிக்கை இதனைக் கட்டாயமாக்கியது. 2006இல் விரிவான புதிய அறிவிக்கை வெளிவந்தது. எனினும் மதிப்பீடு என்பது ஒப்புதல் பெறுவதற்கான சடங்காகிவிடும் அபாயம் உண்டு. இதற்குப் பெங்களூரிலேயே சான்று கிடைக்கிறது.

துமகூரு சாலையையும் ஓசூர் சாலையையும் இணைக்க, ஏறத்தாழ 65 கிலோமீட்டர் நீளமுள்ள புறவட்டச் சாலை ஒன்றைப் பெங்களூர் வளர்ச்சி ஆணையம் திட்டமிட்டது. இதற்கு 2014ஆம் ஆண்டு நவம்பரில் சுற்றுச்சூழல் அனுமதி வழங்கப்பெற்றது. மதிப்பீட்டுக்கு அடிப்படையான விவரங்களோ மூன்றாண்டுகளுக்கும் முந்தியவை. வெட்டப்படும் மரங்கள் சில நூறு என்று முதலில் கூறப்பட்டது; பின்னர் அத்தொகை 16,000ஐத் தாண்டியது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019இல் புதிய மதிப்பீட்டுக்கு ஆணையிட்டது. 2020 மார்ச் 17ஆம் நாள் உச்ச நீதிமன்றமும் புதிய மதிப்பீடு வேண்டுமென்றே தீர்ப்பளித்தது. சாலையே கூடாது என்று நீதிமன்றம் கூறவில்லை என்பது கவனிக்கத்தக்கது. சரியாக எண்ணி, உரிய காலத்தில் சொல்லியிருந்தால் ஆண்டுகள் பல வீணாகியிரா. மரத்தை எண்ணுவது பொறியியலில் அப்படியொன்றும் கடினமான பணியன்று!

இத்திட்டத்துக்கான நிலங்கள் 2005-07ஆம் ஆண்டுகளிலேயே அறிவிக்கை செய்யப்பட்டவை. உழவர்கள் அவற்றை விற்கவும் இயலாமல், இழப்பீடும் பெறாமல் காத்திருக்க நேர்ந்தது. சமூக பாதிப்பு மதிப்பீட்டைக் கட்டாயமாக்கிய 2013ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தல் சட்டம், இவ்வாணையம் தன் சட்டத்தின்கீழ் எடுக்கும் நிலங்களுக்குப் பொருந்தாது என்று 2022 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே சமூகத் தரப்பு ஆய்வு, சட்டத்தின் வற்புறுத்தலின்றி நடைபெற வேண்டிய நிலை உருவாயிற்று.

நகரத்தின் உட்பகுதியில் இடைவெளி இன்னும் பெரிது. 2006ஆம் ஆண்டு அறிவிக்கை தேசிய, மாநில நெடுஞ்சாலைகளைக் குறிப்பிடுகிறது. நகரத் தெருக்களை அவ்வாறு குறிப்பிடவில்லை. பசவேசுவரர் சதுக்கத்திலிருந்து ஹெப்பாள் வரை 6.7 கிலோமீட்டர் நீளத்துக்கு 1,791 கோடி ரூபாய்ச் செலவில் எஃகு மேம்பாலம் அமைக்க முற்பட்டபோது, முன் அனுமதி தேவையில்லை என்றே வாதிடப்பட்டது. 812 மரங்கள் விழவேண்டியிருந்தன. 2016 அக்டோபரில் குடிமக்கள் மனிதச் சங்கிலி அமைத்தனர். அதே மாதம் தீர்ப்பாயம் இடைக்காலத் தடை விதித்தது. 2017 மார்ச்சில் அரசு திட்டத்தைக் கைவிட்டது. மதிப்பீட்டின் வழியே தொடக்கத்தில் கேட்கப்பட்டிருக்க வேண்டிய கருத்து, தெருவில் நின்று கேட்கப்பட்டது.

ஆஸ்டின் டவுன் போன்ற பகுதிக்கு நீண்ட அறிக்கை தேவையில்லை. காலை, மாலை, இரவு ஆகிய மூன்று வேளைகளிலும் வாகனங்களோடு நடப்போரையும் எண்ண வேண்டும். மழைநீர் வடிகால் எங்கே செல்கிறது என்பதை ஒரு மழைக்காலத்திலேனும் பார்க்க வேண்டும். நடைபாதை வணிகருக்கு மாற்றிடத்தை வேலைக்கு முன்பே குறித்தல் வேண்டும். தூசியைத் தணிக்கும் செலவும் புதிய மரங்களுக்கு நீரூற்றும் செலவும் ஒப்பந்தத் தொகையிலேயே தனியினமாகச் சேர்க்கப்பட வேண்டும். இல்லாவிடில் ஒப்பந்தக்காரர் அவற்றைச் செய்யமாட்டார். அறிக்கையின் சுருக்கம் கன்னடத்துடன் தமிழிலும் அப்பகுதி மக்களுக்குப் படித்துக்காட்டப்பட்ட பின்னரே கருத்துக் கேட்புக் கூட்டத்தைக் கூட்டுவது முறையாகும்.