ஈமக்காட்டிலிருந்து சமுத்திரத்திற்கு

கேள்வி: பசிபிக் தீவுகளின் தொல்லியலைக் கற்றுப் பேராசிரியனாக விரும்புகிறேன். எங்கே தொடங்குவது?
— ஒரு மாணவர், கலேவெல

பதில்: பசிபிக் தீவுகளின் தொன்மையான லபீட்டா மட்பாண்டங்களைத் தேடிச் சமுத்திரம் கடப்பதற்கு முன்னர், தங்கள் பிரதேசத்திலேயே, தம்புள்ளைக்கு அணித்தாக உள்ள இப்பன்கட்டுவையில், ஏறத்தாழ 2,500 ஆண்டுகளுக்கு முன்பு கற்பலகைகளால் அறை சமைத்து, மாண்டோரின் சாம்பலைத் தாழியிலிட்டுச் சூதுபவள மணிகளையும் உடன்வைத்துப் புதைத்த மக்களின் ஈமக்காட்டைப் பொறுமையோடு கண்டு வாருங்கள். அம்மணிகளுக்குரிய கல் இத்தீவில் விளைவதன்று. ஆதலால் கடல்கடந்த வாணிப சம்பந்தத்தை ஆராயும் பயிற்சி, பசிபிக் ஆய்வாளருக்கு இன்றியமையாத அதே பயிற்சி, இங்கேயே சித்திக்கும். ஓட்டுத்துண்டுகளை வரைந்து அளந்து பதியும் வேலையிலேயே இவ்வித்தையின் ஜீவன் உள்ளதென்பது என் திடமான அபிப்பிராயம். பேராதனையிலோ களனியிலோ யாழ்ப்பாணத்திலோ முதற்பட்டம் பெற்றபின், பசிபிக் ஆய்வில் கீர்த்திபெற்ற கான்பெராவின் ஆஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்திற்கு விண்ணப்பியுங்கள்.