எச்சில் வற்றினால் என்ன செய்வது? பழவேற்காட்டு வீடுகளுக்கு ஒரு கைக்குறிப்பு

பழவேற்காட்டிலிருந்து அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கோ, சென்ட்ரல் எதிரே உள்ள ஜி.எச்.சுக்கோ கதிர்வீச்சுக்குப் போகிறவர்கள் கட்டியைப் பற்றிக் கேட்பார்கள். எச்சிலைப் பற்றிக் கேட்பதில்லை. வாய், தொண்டைப் பகுதியில் கதிர்வீச்சு படும்போது காதோரத்திலும் தாடைக்குக் கீழும் உள்ள உமிழ்நீர்ச் சுரப்பிகளும் அடிபடும். வாரம் 5 நாள் வீதம் 6, 7 வாரம் நடக்கும் சிகிச்சையில், முதல் இரண்டு வாரத்திலேயே எச்சில் குறைந்து பசைபோல இழுக்கத் தொடங்கும். கீமோவால் வரும் வறட்சி பெரும்பாலும் மருந்து நின்றபின் தணிந்துவிடும். கதிர்வீச்சால் வந்தது மாதக்கணக்கில் நீளும். சிலருக்கு முழுதாகத் திரும்பவே திரும்பாது.

முதல் வேலை பல். பல்லுக்குக் காவலே எச்சில்தான். அது வற்றினால் சொத்தை மளமளவென்று பரவும். எடுக்க வேண்டிய பல்லைக் கதிர்வீச்சுக்கு முன்பே எடுத்து, புண் ஆற இரண்டு வாரமாவது விட வேண்டும். "கேன்சருக்கே வழியைக் காணோம், இதுல பல்லு வேறயா?" என்று தள்ளிப்போடாதீர்கள். கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே காட்டிவிட்டு, ஃப்ளோரைடு பேஸ்ட் எது வேண்டும் என்றும் கேட்டு வாருங்கள். பிரஷ் மிருதுவானதாக இருக்கட்டும்.

அடுத்தது கொப்பளிப்பது. ஒரு பெரிய டம்ளர் வெதுவெதுப்பான நீரில் கால் டீஸ்பூன் சமையல் சோடா, அதில் பாதி அளவு உப்பு. மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை கொப்பளித்துத் துப்பி, பிறகு வெறும் நீரால் வாயை அலசுங்கள். போர் தண்ணீர் உப்புக் கரிக்கும் தெருவென்றால் கேன் தண்ணீரையே எடுங்கள். கடையில் மவுத்வாஷ் வாங்கினால் ஆல்கஹால் இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள். ஆல்கஹால் வாயை இன்னும் காயவைக்கும்.

படகில் தாகத்தை அடக்கிப் பழகியவர்களுக்கு இதுதான் கஷ்டம்: தாகம் எடுக்கும்வரை காத்திருக்கக் கூடாது. பாட்டில் எப்போதும் கையில் இருக்க வேண்டும், வாய் நனையும் அளவுக்கு அடிக்கடி குடிக்க வேண்டும். ஐஸ் உறிஞ்சுவதும் நல்லதுதான், ஆனால் மீன் பெட்டியில் கொட்டும் ஐஸ் வேண்டவே வேண்டாம். அது குடிநீரில் செய்தது என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. கொதிக்கவைத்து ஆறிய நீரை ஃப்ரிட்ஜில் உறையவைத்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டில் மீனை விட வேண்டியதில்லை, கைப்பக்குவத்தை மாற்றினால் போதும். மடவை மீனை மிளகாயும் புளியும் குறைத்து, தேங்காய்ப்பால் ஊற்றித் தளர்வாகக் குழம்பு வையுங்கள். சோற்றைக் குழைய வடித்து, மீனை விரலால் தடவி முள் பார்த்து உதிர்த்து, குழம்பில் ஊறவைத்துக் கொடுங்கள். வறண்ட வாயில் முள் சிக்கினால் எடுப்பது பெரும்பாடு. வறுத்த கருவாடும் இறால் தொக்கும் கொஞ்ச நாள் பொறுக்கட்டும். வாயில் எச்சில் ஊறட்டும் என்று சிலர் வெற்றிலை பாக்கு போடுவார்கள். புகையிலை சேர்க்காவிட்டாலும் பாக்கே புற்றுநோய் தரும் பொருள்தான். பதிலாகச் சர்க்கரை இல்லாத சூயிங்கம் மெல்லலாம்.

ராத்திரி டேபிள் ஃபேன் முகத்தில் நேராக அடிக்காமல் திருப்பி வையுங்கள். பல்செட் இருந்தால் கழற்றிவிட்டுப் படுங்கள். இத்தனைக்கும் அடங்காவிட்டால் செயற்கை உமிழ்நீர், எச்சில் சுரக்கவைக்கும் மாத்திரை எல்லாம் உண்டு. ஆஸ்துமா, இதய நோய், கண் அழுத்தம் இருப்பவர்களுக்கு அந்த மாத்திரை ஒத்துவராமல் போகலாம் என்பதால் டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத்தான் வாங்க வேண்டும்.

நாக்கில் வெள்ளைப் படலம், விழுங்க முடியாத வலி, 100.4 டிகிரியோ அதற்கு மேலோ காய்ச்சல், இதில் எது வந்தாலும் அடுத்த தேதிவரை காத்திருக்காமல் சிகிச்சை தரும் மருத்துவமனைக்குச் சொல்லுங்கள்.

கதிர்வீச்சு விவரம் எழுதிய சீட்டைப் பத்திரமாக வையுங்கள். பத்து வருடம் கழித்துப் பொன்னேரியில் ஒரு பல்லைப் பிடுங்கப் போனாலும், டாக்டர் கொறடு எடுக்கும் முன் அந்தச் சீட்டைக் காட்டுங்கள். கதிர்வீச்சு பட்ட தாடையில் பல் பிடுங்கிய இடம் எளிதில் ஆறாது, எலும்பே செத்துப்போகக்கூடும்.