தோற்றாலும் கோப்பை உண்டு

கேள்வி: அமெரிக்கக் கல்லூரி மகளிர் கால்பந்தில், கான்ஃபரன்ஸ் (கல்லூரிகளின் கூட்டமைப்பு) சாம்பியன்ஷிப்பில் தோற்ற அணி தேசியக் கோப்பையை வெல்ல முடியுமா?

பதில்: தாராளமாக! 2012-இல் வட கரோலினா பல்கலைக்கழக அணி அட்லாண்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸ் போட்டியில் பாதியிலேயே வெளியேறியது. டிசம்பரில் அதே அணி பென் ஸ்டேட்டை 4-1 என்று சாய்த்து தேசிய சாம்பியன் ஆனது.

எப்படி? கான்ஃபரன்ஸை வென்றால் 64 அணிகள் மோதும் தேசியப் போட்டியில் நேரடி இடம். மற்ற இடங்களுக்கு, சீசன் முழுக்க ஆடிய விதத்தைப் பார்த்துத் தேர்வுக் குழு அழைக்கும். பெரிய கான்ஃபரன்ஸ் அணிகளுக்கு இது வசதி. சின்ன கான்ஃபரன்ஸ்களில்தான் வயிற்றைக் கலக்கும். அங்கே பெரும்பாலும் சாம்பியனுக்கு மட்டுமே டிக்கெட்.

இன்னொரு விநோதம்: பெனால்டி ஷூட்-அவுட்டில் ஜெயித்து அடுத்த சுற்றுக்குப் போனாலும், கணக்கேட்டில் அந்த ஆட்டம் டிராதான்.