கட்டளையும் கருத்தும்

பெங்களூரு உட்படத் தென்னிந்தியப் பெந்தெகொஸ்தே சபைகள் பலவற்றில் பொன் நகை விலக்கப்பட்டுள்ளது. 1920-களில் கொழும்பில் தோன்றிய சிலோன் பெந்தெகொஸ்தே மிஷன் மருந்தையும் விலக்கியது. அதன் ஊழியர்க்குத் திருமணமும் இல்லை. இவை இறைவாக்கா, மனிதர் வகுத்த விதியா?

இதற்குரிய அளவுகோலைப் பவுலே தருகிறார். கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 7-ஆம் அதிகாரத்தில், மணமுறிவு கூடாதென்பது ஆண்டவரின் கட்டளை என்கிறார்; மணமாகாதவரைப் பற்றியோ, கட்டளை ஏதுமில்லை, தம் கருத்தையே உரைப்பதாகப் பிரித்துச் சொல்கிறார். உண்மைப் போதகர் இவ்வேறுபாட்டை மறைப்பதில்லை.

நகைத் தடைக்குச் சான்றாகக் காட்டப்பெறும் பேதுருவின் முதல் நிருபம் (3:3), பொன்னோடு கூந்தல் பின்னலையும் உடையையும் சேர்த்தே பேசுகிறது. பின்னலை விட்டுவிட்டுப் பொன்னை மட்டும் தடுப்பது எவ்வகை நியாயம்? ஒருவர் தாமே விரும்பித் துறந்தால் அது தவம். துறவாதவர்க்கு ஞானஸ்நானம் மறுத்தால் அது சபையின் சட்டம். மருந்தை மறுப்போர் போற்றும் பவுலின் உடனிருந்த லூக்காவோ மருத்துவர் (கொலோசெயர் 4:14).