கடை மாறினால் பலகை, இணையத்தளம் மாறினால்?

புறக்கோட்டையில் கடை மாற்றும்போது பழைய கதவில் புதிய முகவரியை ஒட்டிவிட்டுத்தான் போவோம். இணையத்தளத்தை டொட் கொம் முகவரியிலிருந்து டொட் எல்கே முகவரிக்கு மாற்றியபோது அந்தப் புத்தி எனக்கு வரவில்லை. செய்து தந்த தம்பி பழைய பக்கங்கள் அனைத்தையும் புதிய முகப்புக்கே திருப்பிவிட்டார். சாரம் தேடி வந்தவருக்கும் அபாயா தேடி வந்தவருக்கும் ஒரே வாசல். இப்படியானதைக் கூகுள் 'பக்கம் இல்லை' என்ற கணக்கில் சேர்த்துவிடும். இரண்டு மாதத்தில் வெளிநாட்டு விசாரணைகள் ஏறக்குறைய நின்றுபோயின.

பிறகுதான் விசாரித்துப் படித்தேன். திருப்பிவிடுவதில் 301 நிரந்தரம், 302 தற்காலிகம். சில நாள் விற்பனைக்கு 302 போதும். நிரந்தரமாக மாறினால் 301 தான். பழைய பக்கம் சம்பாதித்த மதிப்பு அதன்வழியே புதிய பக்கத்துக்குப் போகிறது. ஆனால், ஒவ்வொரு பக்கத்தையும் அதே சரக்குள்ள பக்கத்துக்கே அனுப்ப வேண்டும். ஒன்றிலிருந்து மற்றொன்று என அலைக்கவும் கூடாது. 10 தாவலுக்கு மேல் கூகுள் பின்தொடராது.

சேர்ச் கொன்சோலில் முகவரி மாற்றத்தை இலவசமாக அறிவிக்கலாம். திருப்புதலைக் குறைந்தது 1 வருடம் வைத்திருக்கச் சொல்கிறது கூகுள். பழைய பெயரின் கட்டணத்தை அதற்குப் பிறகும் கட்டுங்கள் என்பேன் நான். விட்டால் வேறொருவர் அதை வாங்கி உங்கள் வாடிக்கையாளரைத் தன் பக்கம் அழைத்துக்கொள்வார்.

எங்கள் 140 பக்கங்களுக்கும் பட்டியல் போட்டு, மகனும் நானும் மூன்று இரவு உட்கார்ந்தோம். விசாரணைகள் மெல்லத் திரும்புகின்றன. மாலைதீவு வாடிக்கையாளர் ஒருவர் மட்டும் இன்னும் வரவில்லை.