கேம் திக்கித் திணறுகிறதா? கார்டு வாங்குமுன் இவற்றைப் பாருங்கள்

தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத கணினியில் கேம் விட்டு விட்டு ஓடினால், 'இதுக்கு இவ்வளவுதான் முடியும்' என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். சிலர் கையைக் கடித்தாலும் பரவாயில்லை என்று கார்டு வாங்கக் கிளம்புகிறார்கள். இரண்டுக்கும் முன்னால் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். பிராசஸருக்குள்ளேயே அமைந்த கிராபிக்ஸுக்குச் சொந்த நினைவகம் கிடையாது. கணினியின் ரேமில்தான் பங்கு கேட்கிறது. கோளாறு பல நேரம் அந்தப் பங்கீட்டில்தான் இருக்கும்; அதைச் சரிசெய்ய அதிகம் செலவாகாது.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். ஒவ்வொன்றுக்கும் பிறகு கேமின் அதே இடத்தை ஓட்டிப் பார்த்து, நொடிக்கு எத்தனை பிரேம் ஓடுகிறது என்ற எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

1. திணறலின் வகையைக் கண்டுபிடியுங்கள்

விண்டோஸ் 10, 11 இரண்டிலும் விண்டோஸ் கீயோடு 'ஜி'யை அழுத்தினால் கேம் பார் வரும். அதில் நொடிக்கு எத்தனை பிரேம் என்பது தெரியும்.

- எண் எப்போதும் குறைவு: கிராபிக்ஸுக்குச் சுமை அதிகம். படி 4, 5.
- முதலில் நன்றாக ஓடி, பத்துப் பதினைந்து நிமிடத்தில் சரிகிறது: சூடு. படி 6.
- எண் நன்றாக இருந்தும் திடீர் திடீரென நின்று நகர்கிறது: ரேம் நிரம்பியிருக்கலாம், அல்லது ஹார்ட் டிஸ்க் மெதுவாக இருக்கலாம். பிரவுசரையும் பின்னணியில் ஓடும் மற்றவற்றையும் மூடிப் பாருங்கள்.

2. மானிட்டரையும் கேபிளையும் பாருங்கள்

கேமை மூடிவிட்டு மவுஸை வேகமாக நகர்த்துங்கள். அதுவும் தாவித் தாவி நகர்ந்தால் குற்றம் கேமில் இல்லை. செட்டிங்ஸில் சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே என்று போய், ரெஃப்ரெஷ் ரேட் 60 ஹெர்ட்ஸாவது இருக்கிறதா என்று பாருங்கள். பழைய எச்டிஎம்ஐ 1.4 போர்ட்டில் 4கே மானிட்டரை மாட்டினால் 30 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும். டிஸ்ப்ளேபோர்ட்டுக்கு மாற்றுங்கள், அல்லது 1920 × 1080-க்கு இறக்குங்கள்.

3. டிரைவர்

டிவைஸ் மேனேஜரில் டிஸ்ப்ளே அடாப்டர்ஸைத் திறங்கள். 'மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்' என்று இருந்தால், உண்மையான டிரைவர் ஏறவே இல்லை என்று அர்த்தம். இன்டெல் அல்லது ஏஎம்டி தளத்திலிருந்தே இறக்கி நிறுவுங்கள்.

4. ரேம்: முக்கியமான இடம்

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் மெமரியைச் சொடுக்குங்கள். இரண்டு ஸ்லாட்டில் ஒன்று மட்டும் பயன்பாட்டில் இருந்தால், கோளாறு அநேகமாக அகப்பட்டுவிட்டது.

டிடிஆர்4-3200 ரேம் ஒன்றே ஒன்று இருந்தால், நொடிக்கு அதிகபட்சம் 25.6 ஜிபி தரவு போய்வரலாம். இரண்டு ரேம்கள் இரு சேனல்களில் இருந்தால் 51.2 ஜிபி. ஒற்றை வழிச் சாலை இரட்டை வழியாகிறது. 8 ஜிபி ஒன்றுக்குப் பதில் 4 ஜிபி இரண்டு போட்டாலே கேம் வேகமாவது இதனால்தான். இன்டெலின் 11ஆம் தலைமுறை ஐ5 லேப்டாப்பில் 'ஐரிஸ் எக்ஸ்இ' என்று வர வேண்டிய பெயர் 'யூஎச்டி கிராபிக்ஸ்' என்று காட்டினால், அதற்கு ஒற்றை ரேம் காரணமாக இருக்கலாம்.

இரண்டாவது ரேமை அதே அளவு, அதே வேகத்தில் வாங்குங்கள். சில லேப்டாப்களில் ரேம் போர்டோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். காலி ஸ்லாட் உண்டா என்று முதலில் உறுதிசெய்யுங்கள். மாட்டும்போது மின் இணைப்பைத் துண்டித்துவிடுங்கள். நான்கு ஸ்லாட் உள்ள டெஸ்க்டாப்பில் எந்த இரண்டில் போட வேண்டும் என்பது போர்டின் கையேட்டில் இருக்கும். அடுத்தடுத்த ஸ்லாட்டில் போட்டால் பெரும்பாலும் பலன் கிடைக்காது. 3200 ரேம் டாஸ்க் மேனேஜரில் 2133 அல்லது 2666 என்று தெரிந்தால், பயாஸில் எக்ஸ்எம்பியை இயக்குங்கள்.

5. சுமையைக் குறையுங்கள்

1920 × 1080 திரையில் ஒவ்வொரு பிரேமுக்கும் சுமார் 20.7 லட்சம் புள்ளிகளை வரைய வேண்டும். 1280 × 720-இல் 9.2 லட்சம்தான். கேமில் ரெண்டர் ஸ்கேல் இருந்தால் அதை 70 சதவீதமாக்குங்கள். வரையும் புள்ளிகள் பாதியாகும். எழுத்துகள் பெரும்பாலும் தெளிவாகவே இருக்கும். அடுத்து நிழல், பிறகு ஆன்டி-அலையாஸிங் என்று இறக்கிக்கொண்டே வாருங்கள்.

6. மின்சாரமும் சூடும்

லேப்டாப்பைச் சார்ஜரில் மாட்டி, பவர் மோடை 'பெஸ்ட் பெர்ஃபார்மன்ஸ்' ஆக்குங்கள். மெத்தைமேல் வைத்து விளையாடாதீர்கள்; காற்று வாய் அடைபட்டுச் சூடேறினால் பிராசஸர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஃபேனில் படிந்த தூசியை அகற்றுங்கள்.

7. பிரேமுக்குப் பூட்டுப் போடுங்கள்

60 ஹெர்ட்ஸ் திரையில் 45 பிரேம் ஓடினால், சில படங்கள் திரையின் ஒரு ரெஃப்ரெஷ் சுற்றும் சில இரண்டு சுற்றும் நிற்கும். அந்தச் சீரின்மைதான் கண்ணை உறுத்துகிறது. 30-இல் பூட்டினால் ஒவ்வொரு படமும் சரியாக இரண்டு சுற்று, அதாவது 33.3 மில்லிநொடி நிற்கும். எண் குறைந்தாலும் ஓட்டம் சீராகும். வி-சிங்க்கையும் இயக்கினால் படம் குறுக்கே கிழிவது நிற்கும்.

இத்தனையும் செய்து, 720-இல் மிகக் குறைந்த அமைப்பிலும் 30-ஐத் தொடவில்லை என்றால், அந்த கேம் இந்தச் சிப்புக்கு மீறியது. அப்போது கார்டு வாங்குங்கள். குறித்து வைத்த எண்களைக் கடைக்குக் கொண்டுபோனால், உங்களுக்கு எவ்வளவு வேகம் குறைகிறது என்பது தெரியும். தேவைக்கு மேல் ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டியிராது.